முள்ளு ஆடுதா? பேட்டரியைப் பாரு!

வட சென்னைன்னு சொன்னதும் சினிமாக்காரங்க காட்டுற அரிவாளையும் கேரம் போர்டையும் கொஞ்ச நேரம் ஓரமா வைங்க பாஸ். புல்லட்டும் லேலண்ட் லாரியும் பிறந்து வளர்ந்த வீடு இது. ராயபுரத்துல ஆரம்பிச்சு காசிமேடு, திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர்னு கடலை ஒட்டியே ஒரு சாலை போகுது. ஊர் சுத்த வர்றவங்க இங்க கோயிலைப் பார்ப்பாங்க, மீன் வாங்குவாங்க. நாம இந்த ரவுண்டுல பார்க்கப்போறது வண்டிகளோட டேஷ்போர்டை. குறிப்பா அதுல ஆடுற முள்ளை.

முதல் ஸ்டாப் ராயபுரம். 1856-ல தென்னிந்தியாவோட முதல் ரயில் கிளம்பின ஸ்டேஷன் இங்கதான் இருக்கு. அந்தத் தூண்களை நின்னு ஒரு நிமிஷம் பார்த்துட்டு, பக்கத்துத் தெருவுக்குள்ள நுழைஞ்சா பேட்டரிக் கடைகளும் ஆட்டோ எலெக்ட்ரீஷியன்களும். கடைன்னா பெருசா ஒண்ணும் இல்லை. ஒரு சார்ஜர், ஒரு மல்டிமீட்டர், ஆசிட் பட்டு ஓட்டை விழுந்த காக்கி பேன்ட்டோட ஒரு அண்ணன். அவ்வளவுதான்.

"இன்னா தம்பி, மீட்டர் டான்ஸ் ஆடுதா? மீட்டரைக் கழட்டாத. மொதல்ல பானட்டைத் தொற"ன்னு ஆரம்பிக்கிறார். அவர் சொல்றதுல பாதி பிசிக்ஸ், பாதி கடல் காத்து.

பிசிக்ஸ் பாதி இது. 12 வோல்ட் பேட்டரிக்குள்ள ஆறு அறை. ஒவ்வொண்ணும் 2.1 வோல்ட் சொச்சம். முழு சார்ஜோட சும்மா இருக்கும்போது 12.6-க்குப் பக்கம் காட்டணும். 12.2-க்கு வந்தா பாதி காலி. 12-க்குக் கீழே போனா சிக்கல். இன்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏத்துறதால 13.8-ல இருந்து 14.4 வரைக்கும் நிக்கணும். ஆனா சும்மா இருக்கும்போது காட்டுற நம்பரை நம்பாதேங்கிறார் அண்ணன். கிழட்டு பேட்டரியும் 12.5 காட்டும். செல்ஃப் அடிச்ச உடனே எட்டுக்கு விழும். டேஷ்போர்டுல இருக்கிற லைட்டெல்லாம் மங்கி, முள்ளெல்லாம் படுத்து, பானட்டுக்கு அடியில 'டக்டக்டக்'னு சத்தம். "ஆளு நல்லா உக்காந்துதான் இருப்பாரு. மூட்டை தூக்கச் சொல்லிப் பாரு, அப்பத் தெரியும்." ஹார்பர் ஏரியாவுல இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது!

கடல் காத்து பாதிதான் ராயபுரம், காசிமேடு ஸ்பெஷல். உப்பு ஈரம் டெர்மினல்ல படிஞ்சு வெள்ளையும் பச்சையுமா பூக்கும். பேட்டரி நல்லா இருக்கும், கரன்ட் வெளியே வராது. முக்கியமா எர்த் ஒயர் பாடியில சேருற இடத்துல துரு ஏறினா, ஹெட்லைட் போட்டதும் பெட்ரோல் முள்ளு நகரும், இண்டிகேட்டர் போட்டா அதுகூடச் சேர்ந்து டெம்பரேச்சர் முள்ளும் துடிக்கும். கரன்ட் வீடு திரும்ப வழி தெரியாம மீட்டர் வழியா சந்து பொந்துல நுழையுதுன்னு வெச்சுக்குங்க. வைத்தியம்? வெந்நீர், கொஞ்சம் சோடா உப்பு, பழைய டூத் பிரஷ், கடைசியா வாசலின். செலவு ஒரு டீக்காசு. இது தெரியாம மீட்டர் போர்டையே மாத்துறவங்க நிறைய பேராம். அண்ணன் சிரிக்கிறார்.

இன்னொரு எதிரி நம்ம மே மாசம். வெப்பம் 10 டிகிரி கூடினா லெட் ஆசிட் பேட்டரியோட ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்கிறது இந்தத் தொழில்ல ஒரு கணக்கு. குளிர் நாட்டுல பேட்டரி சாகுறது பனியில. இங்க கத்திரி வெயில்லயே பாதி செத்துட்டு, நவம்பர் மழையில முழுசாப் படுக்கும்.

காசிமேட்டைத் தாண்டினா வாசனை மாறும், சாலை அகலமாகும், டிரெய்லர்கள் கூடும். திருவொற்றியூர். தியாகராஜரும் வடிவுடையம்மனும் இருக்கிற ஊர், பட்டினத்தார் அடங்கின ஊர். சங்கிலி நாச்சியாருக்குக் கொடுத்த சத்தியத்தை மீறி இந்த ஊர் எல்லையைத் தாண்டினப்போதான் சுந்தரருக்கு ரெண்டு கண்ணும் போச்சுன்னு புராணம். இந்தப் பக்கம் வந்துதான் வண்டி ஹெட்லைட் ரெண்டும் போச்சுன்னா யாரும் ஆச்சரியப்படாதீங்க!

சரி, விஷயத்துக்கு வருவோம். 1950-களோட தொடக்கத்துல எல்லை ரோந்துக்கு நம்ம ராணுவம் புல்லட்டை எடுத்துக்கிச்சு. 1955-ல இங்கிலாந்தோட ராயல் என்ஃபீல்டும் நம்ம மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கினாங்க. இடம் திருவொற்றியூர். இங்கிலாந்துல 1970-ல கம்பெனி மூடிடுச்சு. திருவொற்றியூர் மூடலை. 1977-ல இங்க செஞ்ச புல்லட்டை இங்கிலாந்துக்கே திருப்பி அனுப்பினாங்க. டேங்க்ல அந்தத் தங்கக் கோட்டைக் கையாலயே இழுக்கிற பெயின்டர்கள் இருந்த ஃபேக்டரி இது. 1994-ல ஐஷர் கைக்குப் போச்சு, 2013-ல ஒரகடத்துல புதுசு வந்துச்சு.

அந்தப் பழைய புல்லட்டோட டேஷ்போர்டை ஒருதரம் பாருங்க. ஹெட்லைட் மண்டைக்கு மேல ஒரு ஸ்பீடாமீட்டர். அதுக்குப் பக்கத்துல ரூபாய் சைசுக்கு ஒரு குட்டி மீட்டர். நடுவுல சைபர், ஒரு பக்கம் பிளஸ், மறுபக்கம் மைனஸ். பெட்ரோல் மீட்டர் கிடையாது, டேங்கை ஆட்டிப் பார்க்கணும். டெம்பரேச்சர் கிடையாது, தொடையே சொல்லிடும். ஆனா பேட்டரிக்கு மட்டும் தனி மீட்டர்! அதுதான் ஆம்பியர் மீட்டர். எத்தனை வோல்ட்டுன்னு அது சொல்லாது. பேட்டரிக்குள்ள கரன்ட் போகுதா, வெளியே வருதான்னு மட்டும் சொல்லும். வரவு செலவுக் கணக்கு மாதிரி.

இந்தக் கணக்கைப் படிக்கத் தெரிஞ்சவன்தான் அந்தக் காலத்துல புல்லட்காரன். கிளம்பினதும் முள்ளு பிளஸ் பக்கம் போகணும். செல்ஃப் இல்லாத வண்டிதான், ஆனாலும் ஸ்பார்க்குக்குச் செலவான கரன்ட்டைத் திரும்ப வாங்கிக்கணும் இல்லையா? நாலஞ்சு கிலோமீட்டர்ல முள்ளு மெதுவா நடுவுக்கு வந்து நிக்கும். பேட்டரிக்கு வயிறு நிறைஞ்சாச்சு. எவ்வளவு தூரம் ஓட்டினாலும் பிளஸ்லயே மேல நிக்குதா? பேட்டரி குடிச்சுக்கிட்டே இருக்கு, நிறையலை. உள்ள ஒரு அறை அவுட்டா இருக்கலாம், இல்லைன்னா ரெகுலேட்டர் அவுட். வேகமாப் போகும்போதும் மைனஸ்லயே நின்னா சார்ஜிங் படுத்துடுச்சு, இருட்டுறதுக்குள்ள வீடு போய்ச் சேருங்க. முள்ளு இடமும் வலமும் வெறி பிடிச்ச மாதிரி அடிச்சா, எங்கேயோ ஒயர் லூஸ்.

இன்னொரு வித்தை இருக்கு. சுவிட்சைப் போட்டுட்டு கிக்கரை மெதுவா அமுக்கணும். பிளாட்டினம் பாயிண்ட் மூடியிருக்கும்போது முள்ளு மைனஸ்ல சாயும். பாயிண்ட் திறக்கிற நொடியில துள்ளி நடுவுக்கு வரும். அங்க நிறுத்தி, டீகம்ப்ரஷரைப் பிடிச்சு, இன்னும் ஒரு இஞ்ச் இறக்கி, விட்டுட்டு முழுசா ஒரு உதை. 'டப்... டப்... டப்'! அப்பா, சித்தப்பா யாரையாவது கேட்டுப் பாருங்க. இதைச் செய்யாம உதைச்சு, கிக்கர் திருப்பி அடிச்சு, நொண்டிக்கிட்டு காலேஜ் போன கதை ஒண்ணாவது வரும். பேட்டரி செத்திருந்தா முள்ளு அசையவே அசையாது. அப்ப எத்தனை உதை உதைச்சாலும் வேலைக்காகாது, ஏன்னா அதுல ஸ்பார்க்கே பேட்டரியை நம்பித்தான். பேட்டரி மீட்டரை வெச்சு பிஸ்டன் எங்க நிக்குதுன்னு கண்டுபிடிச்ச நம்ம ஆளுங்க மூளையை என்னன்னு சொல்றது! எலெக்ட்ரானிக் இக்னிஷன் வந்ததும் இந்த வித்தைக்கு வேலை போச்சு. 2021-ல வந்த புது கிளாசிக்ல குட்டி டிஜிட்டல் ஸ்கிரீன்ல பெட்ரோல் அளவு தெரியுது. ஆம்பியர் மீட்டர் இல்லை. எனக்கு அதுல லேசா வருத்தம்தான்.

'இதெல்லாம் சரி, ஸ்போர்ட்ஸ் கார்?'னு கேக்குறவங்களுக்கு... வட சென்னைக்கும் அதுக்கும் உறவு உண்டு. செங்குன்றம் தாண்டி சோழவரத்துல, ரெண்டாம் உலகப் போர் கால ரன்வேயிலதான் பல வருஷம் மெட்ராஸ் கார் ரேஸ் நடந்துச்சு. 1990-ல இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்ததும் மவுசு அங்க போயிடுச்சு. நகரத்தோட தெற்குக் கோடியில 1961-ல இருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் செஞ்சாங்க. இங்கிலாந்துல அதே ஹெரால்டோட சேஸிஸைச் சின்னதாக்கித்தான் 1962-ல ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டு வந்தாங்க. ஆக, ஸ்பிட்ஃபயர் நமக்கு ஒரு வகையில சொந்தம்.

1960-கள்ல வந்த பிரிட்டிஷ் கார்கள் பலதுல பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் சூட்டுல வளையிற உலோகப் பட்டையால நகரும். பேட்டரி ஏறி இறங்கினா முள்ளு பொய் சொல்லக் கூடாதேன்னு, நடுவுல ஒரு ஸ்டெபிலைசர் வெச்சு சராசரியா 10 வோல்ட் மட்டும் விடுவாங்க. அந்தக் குட்டி டப்பா கெட்டாலோ, அதோட எர்த் விட்டுப்போனாலோ ரெண்டு முள்ளும் சேர்ந்து மேல ஏறும். டேங்க் ஃபுல், இன்ஜின் கொதிக்குது! ரெண்டும் பொய். டேங்க் ஃபுல்லை நம்பினவர் நடுரோட்டுல நிப்பார்.

இன்னிக்கு ஸ்போர்ட்ஸ் கார்ல முள்ளுக்குப் பின்னாடி குட்டி மோட்டாரும் கம்ப்யூட்டரும். செல்ஃப் அடிக்கும்போது வோல்ட் ரொம்ப விழுந்தா கம்ப்யூட்டர் ரீசெட் ஆகும். ஏபிஎஸ், ஏர்பேக், ஸ்டீயரிங்னு எல்லா எச்சரிக்கை விளக்கும் தீபாவளி கொண்டாடும், ஆனா எதுவும் கெட்டிருக்காது. பணக்கார வண்டிக்கு இன்னொரு வியாதி, அது வாரக்கணக்குல நிறுத்தியே கிடக்கும். அலாரம், லாக், மெமரி எல்லாம் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் உறிஞ்சினா, 60 ஆம்பியர் ஹவர் பேட்டரி 25 நாள்ல பாதி, 50 நாள்ல காலி. போர்ஷே 2010-ல ஆறு கிலோ எடையில லித்தியம் பேட்டரி கொடுத்துச்சு, சாதாரணத்தைவிட 10 கிலோ கம்மி. ஆனா அந்த ரக பேட்டரியில முக்கால்வாசி தீர்ந்தாலும் வோல்ட் பெருசா இறங்காது, கடைசியில பொசுக்குன்னு விழும். அங்க வோல்ட் மீட்டரைப் பார்த்து ஆயுள் ஜோசியம் சொல்ல முடியாது.

கடைசி ஸ்டாப் எண்ணூர். லேலண்ட் ஃபேக்டரி, அதுக்கும் வடக்கே காமராஜர் துறைமுகம். 2010-ல இருந்து அங்க புத்தம்புது கார்கள் கப்பல் ஏறுது. ஆனா சாலையில நம்ம கண்ணுல படுறது கன்டெய்னர் டிரெய்லர் வரிசைதான். ஹார்பர் கேட்டுக்குக் காத்திருக்கிற டிரைவருங்களுக்கு கேபின்தான் வீடு. ஃபேன், பாட்டு, போன் சார்ஜ் எல்லாம் பேட்டரியில. இன்ஜினை ஓட விட்டா டீசல் காசு போகும். அணைச்சே வெச்சா, வரிசை நகரும்போது செல்ஃப் எடுக்காது. எடுக்கலைன்னா பின்னாடி இருக்கிறவர் தாண்டிப் போயிடுவார், அன்னைக்கு நடை போச்சு. நடைக் கணக்குல சம்பளம் வாங்குறவருக்கு அது சோத்துல கை வைக்கிற விஷயம்.

"ரெண்டு பேட்டரி தம்பி, 24 வோல்ட்டு. பாட்டு செட்டு 12 வோல்ட்டு. அதனால எல்லாரும் ஒரு பேட்டரியில இருந்து மட்டும் ஒயர் இழுத்துடுவாங்க"ன்னார் தூத்துக்குடிப் பக்கத்து டிரைவர் அண்ணன் ஒருத்தர். விளைவு? ஒண்ணு 12.7, இன்னொண்ணு 11.6. மீட்டர் ரெண்டையும் கூட்டி 24.3-னு ஜம்முனு காட்டும். ஓடும்போது சோப்ளாங்கி பேட்டரிக்கு சார்ஜ் பத்தாது, நல்லதுக்கு ஓவரா ஏறித் தண்ணி வத்தும். ரெண்டும் சேர்ந்து படுக்கும். இவர் அதுக்குன்னே தனியா ஒரு கன்வர்ட்டர் வாங்கிப் போட்டிருக்கார். டேஷ்போர்டுல சாமி படத்துக்குக் கீழ சிவப்பு நம்பர் காட்டுற ஒரு வோல்ட் மீட்டரும் ஒட்டியிருக்கார்.

பழசை என்ன செய்வீங்கன்னு கேட்டேன். புதுசு வாங்குற கடையிலயே கொடுத்தா விலையில கழிச்சுக்குவாங்களாம். உடைச்சு ஈயத்தை உருக்குற ஆளுங்க கூடக் காசு தருவாங்கன்னு யாரோ சொன்னாங்களாம், இவர் போகலை. அந்தப் புகையும் ஆசிட்டும் குழந்தைங்க மூளையைத்தான் முதல்ல தொடும். சாம்பலும் எண்ணெயும் ஏற்கெனவே போதும் போதும்னு பார்த்த ஊர் இது.

பேசிட்டிருக்கும்போதே முன்னாடி பிரேக் லைட்டுகள் வரிசையா அணைஞ்சுது. அண்ணன் ஃபேனை நிறுத்திட்டு சாவியைத் திருப்பினார். சிவப்பு நம்பர் 24.9-ல இருந்து 20-க்கு விழுந்து, இன்ஜின் உறுமினதும் 27.8-ல போய் நின்னுச்சு. "இறங்கிக்க தம்பி, நகருது"ன்னார்.