விசிறி நிற்கும் வரை



போதகர் இல்லத்து முன்னறையில் சில மாதங்களாகக் கேட்கும் மெல்லிய இரைச்சல் என்னவென்று உங்களில் பலர் கேட்டுவிட்டீர்கள். பாஸ்டர் வீட்டில் ஏ.சி. மாட்டிவிட்டார்கள் என்ற செய்தி வைப்பாற்றின் அக்கரைக்கும் போய்விட்டதாக அறிகிறேன். அது ஏ.சி. அல்ல, ஒரு வால்வைக் குளிர்விக்கும் சிறு ப்ளோயர். அதைத் தெரிந்தெடுக்க எனக்கு ஓராண்டு பிடித்தது. நான் செய்த பிழையையும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் அமெச்சூர் வானொலி உரிமம் பெற்றவன் என்பது சபையாரில் சிலருக்குத் தெரியும். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, வானொலி நிலையம் நடத்துவதற்காக முன்னரே போர்ட் பிளேர் சென்றிருந்த பாரதி பிரசாத் அம்மையாரும் அவருடைய குழுவினரும் அந்த நிலையத்தைக் கொண்டே ஆபத்துக்காலச் செய்திகளை அனுப்பினார்கள். அதை வாசித்த பிறகுதான் தேர்வு எழுதும் எண்ணம் எனக்கு வந்தது. இறையியல் கல்லூரியில் எபிரெய வினைச்சொற்களோடு போராடியதைவிட இந்தத் தேர்வு எளிதாகவே இருந்தது.

ஆம்ப்ளிஃபயர் எனக்கு வந்தது பின்னர். ஆலயத்தில் மைக்கோடு இருப்பது போன்றதல்ல இது. ரேடியோ தரும் 50 வாட் சைகையை 400 வாட் வரை உயர்த்திக் கொடுக்கும் பெட்டி. என் உரிமத்தில் அதுவே எல்லை. தூத்துக்குடியில் ஒரு பெரியவர் இருந்தார். கப்பல்களில் வானொலி அலுவலராக உழைத்து ஓய்வுபெற்றவர். அவரே கட்டிய அந்தப் பெட்டியை, அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்த பிறகு அவருடைய துணைவியார் என்னிடம் ஒப்புவித்தார். உள்ளே 3-500இஸட் என்னும் கண்ணாடி வால்வு ஒன்று. தேங்காய் மூடியைக் கவிழ்த்ததுபோல் தலை உருண்டிருக்கும். ஏற்றியவுடன் உள்ளே மஞ்சள் ஒளி பரவும்.

400 வாட் வெளியே செல்லவேண்டுமானால் ஏறத்தாழ 700 வாட் உள்ளே செலுத்தவேண்டும். மீதி 300 வாட் அனலாய் அந்தக் கண்ணாடிக்குள்ளேயே தங்குகிறது. நாம் ஒரு சொல்லும் பேசாதிருந்தாலும், வால்வின் இழை மட்டும் 73 வாட் எரித்துக்கொண்டிருக்கும். அடிப்பாகத்தில் உலோக ஊசிகள் கண்ணாடிக்குள் நுழையும் இடம் 200 டிகிரியைத் தாண்டக்கூடாது. இதற்காக வால்வைத் தயாரித்தவர்கள் கேட்பது நிமிடத்துக்குச் சுமார் 13 கன அடிக் காற்றுதான். அது கீழிருந்து சாக்கெட்டின் வழியே ஏறி, வால்வைச் சூழ்ந்த கண்ணாடிக் குழலுக்குள் தழுவி மேலே போகவேண்டும்.

பெரியவர் வைத்திருந்த பழைய ப்ளோயரின் பேரிங் இறுகிப்போயிருந்தது. சிவகாசிக் கடைத்தெருவில் நாலங்குல மின்விசிறி ஒன்றை வாங்கினேன். நிமிடத்துக்கு 100 கன அடி என்று அட்டையில் அச்சிட்டிருந்தது. தேவைக்கு ஏழு மடங்குக்கும் மேல்! தேவனுக்கு ஸ்தோத்திரம் சொல்லி மாட்டிவிட்டேன். பெட்டிக்குப் போகும் மின்சாரத்திலேயே அதையும் இணைத்தேன்.

அந்த 100 என்பது முன்னும் பின்னும் எந்தத் தடையும் இல்லாத வெட்டவெளியில் அளந்த எண். இறக்கைகள் சுழலும் சாதாரண விசிறி எதிர்ப்பைக் கண்டால் தளர்ந்துவிடும். குறுகிய வழியில் காற்றைத் திணிக்க அதற்கு வலுவில்லை. உருளைக்குள் இதழ்கள் சுழலும் ப்ளோயரோ குறைந்த காற்றையே தந்தாலும் எதிர்ப்பை மீறி உள்ளே தள்ளும். 4சிஎக்ஸ்250பி என்றொரு சிறு வால்வு உண்டு. அது கேட்கும் காற்று ஆறேழு கன அடிதான். ஆனால் அதன் நெருக்கமான உலோகத் தகடுகளுக்கிடையே அதைச் செலுத்த என்னுடைய வால்வுக்கு வேண்டிய அழுத்தத்தைப்போல் பல மடங்கு வேண்டும். எவ்வளவு காற்று என்பதோடு எதை எதிர்த்து என்றும் கேட்கவேண்டும் என்பதை நான் அப்போது அறியவில்லை.

சென்ற மே மாதம் ஒரு மாலை. வெளியே 40 டிகிரி. கொழும்பு நண்பர் ஒருவரோடு அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தபோது மின்சாரம் நின்றது. விசிறியும் நின்றது. கனன்றிருந்த வால்வின் வெப்பம் போக வழியின்றிக் கீழே இறங்கியது. மறுநாள் வால்வைக் கழற்றிப் பார்த்தேன். அடி ஊசிகளில் ஈயப் பற்று உருகி மணிமணியாய்ச் சொட்டியிருந்தது. பட்டாசு ஊரில் பற்றாசுக்கு வந்த சோதனை என்று என் மனைவி சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மனிதர் நாற்பது ஆண்டு காப்பாற்றி வைத்திருந்ததை நான் ஒரே கோடையில் கெடுத்துவிட்டேன்.

பெட்டியைத் துடைக்கும்போதுதான் இன்னொன்றைக் கண்டேன். விசிறியின் முன்னிருந்த பஞ்சு வடிகட்டி சாம்பல் நிறமாக அடைபட்டிருந்தது. சாய்த்துப் பார்த்தால் வெள்ளிபோல் மினுக்கம். அது எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆலையில் வேலை முடிந்து நேராக ஜெபத்துக்கு வருகிறீர்கள். மருந்துத் தூசி படிந்த சேலையோடும் சட்டையோடும் நாற்காலியில் உட்காரத் தயங்குகிறீர்கள். உட்காருங்கள் என்று சொல்லுகிறவன் நான்தான். அந்த நாற்காலிக்கும் ரேடியோ மேசைக்கும் இடையே ஆறடி தூரம். வடிகட்டியைத் தாண்டி உள்ளே போன அலுமினியப் பொடி 2,500 வோல்ட் இருக்கும் இடத்தில் படிந்தால், பீங்கான் தாங்கிகளின்மேல் மின்சாரம் தாவ அதுவே பாதையாகிவிடும்.

பெட்டியைப் பின்னறைக்கு மாற்றலாமே என்றார்கள். பின்னறையில் என் மாமியார் படுத்திருக்கிறார். முன்னறைக் கதவை மூடலாமே என்றார்கள். அந்தக் கதவை நான் மூடுவதில்லை. ஆகவே விசிறிதான் மாறவேண்டியிருந்தது.

தூசி உள்ளே வராதிருக்க நெருக்கமான வடிகட்டி வேண்டும். வடிகட்டி நெருங்க நெருங்க எதிர்ப்புக் கூடும். எதிர்ப்பைத் தாங்க ப்ளோயர்தான் வேண்டும். அதுவும் காற்றை வெளியே உறிஞ்சுவதாக அல்ல, உள்ளே தள்ளுவதாக இருக்கவேண்டும். உறிஞ்சினால் பெட்டியின் ஒவ்வொரு இடுக்கும் தூசிக்கு வாசலாகும். விசிறியும் சூடான காற்றிலேயே கிடந்து சீக்கிரம் தேயும். உள்ளே தள்ளினால் எல்லா இடுக்குகளிலும் காற்று வெளியேதான் பாயும்.

கடைக்காரர் முதலில் காட்டியது புரோட்டாக் கடை அடுப்புக்கு வைக்கும் ப்ளோயர். நல்ல வேகம், மலிவான விலை. எரேமியா தீர்க்கதரிசி சொல்லும் துருத்தியின் பேரப்பிள்ளை அது. நெருப்பை மூட்டுவதும் அதே காற்று, தணிப்பதும் அதே காற்று. ஆனால் அதன் மோட்டாரில் கார்பன் இருந்தது. சுழலும்போது உள்ளே நீலப்பொறி தெரிந்தது. அந்தப் பொறி ரேடியோவில் கரகரப்பாய்க் கேட்கும் என்பது ஒரு காரணம். மற்றக் காரணத்தைக் கடைக்காரரிடம் நான் சொல்லவில்லை. முன்னறையில் படியும் தூசி தீப்பிடிக்கும் அளவல்ல என்று அறிவேன். ஆயினும் இந்த வட்டாரத்தில் இத்தனை அடக்க ஆராதனைகளை நடத்திய பிறகு, நீங்கள் அமரும் அறையில் பொறி பறக்கும் ஒன்றை வைக்க என் கை துணியவில்லை.

கடைசியில் எடுத்தது கார்பன் இல்லாத 12 வோல்ட் ப்ளோயர், உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது. பேட்டரியில் ஓடுவதால் மின்சாரம் நின்றாலும் அது நிற்காது. அதன் மின்னணுச் சுற்றும் ரேடியோவில் சற்று முனகியது. கம்பியை ஃபெரைட் வளையத்தில் எட்டுச் சுற்று சுற்றியதும் அடங்கிற்று.

அழுத்தத்தை அளக்கக் கருவி இல்லை. நம் சபையின் கொத்தனார் ஒருவர் தம் டியூப் லெவலைக் கொண்டுவந்தார். சுவர் மட்டம் பார்க்கும் அதே நீர்க்குழாய்தான். ஒரு முனையைப் பெட்டியின் அடியறையில் செருகி, மறுமுனையைத் திறந்துவைத்தால், இரு பக்க நீர்மட்டத்தின் வித்தியாசமே அழுத்தம். என் வால்வுக்கு ஏறத்தாழ ஒரு நூல் வேண்டும், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. பழைய விசிறியை அடைபட்ட வடிகட்டியோடு ஓட்டியபோது நீர் அசையவேயில்லை. “பாஸ்டர், இது சும்மா சுத்துது” என்றார் அவர். புதிய ப்ளோயருக்கு இரண்டு நூல் ஏறியது. குழாயைச் சாய்த்துப் பிடித்தால் சிறு அசைவும் பெரிதாய்த் தெரியும் என்ற உபாயத்தையும் அவர்தான் காட்டினார்.

இரண்டு நூல் கிடைத்ததால் வேகத்தைக் குறைக்க இடமிருந்தது. வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும், அழுத்தம் கால்பங்காகிவிடும். ஆனால் இரைச்சல் 15 டெசிபெல் அளவுக்கு இறங்கும். நான் கால்பங்கு வேகத்தை மட்டுமே குறைத்தேன். ஆலயத்தில் பின்வரிசையார் பிரசங்கம் கேட்கவில்லை, ஃபேனைக் குறையுங்கள் என்பதும், முன்வரிசையார் வியர்க்கிறது, கூட்டுங்கள் என்பதுமான வழக்கு இங்கேயும் உண்டு. எலியா குகை வாசலில் கேட்டது பெருங்காற்றில் இல்லையே. தொலைவிலிருந்து மெலிந்து வரும் ஒரு குரலுக்காகத்தான் இத்தனையும்.

கண்ணாடி விரிசல் விடாததால் ஊசிகளுக்கு மறுபடி ஈயம் வைத்தேன். நம்மூர் மேட்டில் 2022 முதல் அகழாய்வு செய்தவர்கள் சங்கு வளையல் துண்டுகளைத் துடைத்த தூரிகை போன்ற ஒன்றை வாங்கி, தாங்கிகளைச் சுத்தம் செய்தேன். இழை மஞ்சளாய் எரிந்தது. ஆயினும் அந்த அம்மையாரிடம் மறைக்க மனமில்லை. தூத்துக்குடிக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். சற்றுநேரம் பேசாமலிருந்தார்.

“அவுக பேசி முடிச்சாலும் பத்து நிமிஷம் மிஷின் முன்னாலயே உக்காந்திருப்பாக பாஸ்டர். சோறு ஆறுதுன்னு கூப்பிட்டா, விசிறி நிக்கட்டும்னு சொல்லுவாக. சாப்பிட வராம இருக்க ஒரு சாக்குன்னு நெனச்சேன். எத்தனை நாள் சண்டை போட்டிருக்கேன்.”

இழையை அணைத்த பிறகும் ப்ளோயர் பத்து நிமிடம் ஓடும்படி அந்த வாரமே ஒரு டைமரை வைத்தேன். சென்ற மாதம் ஆராதனைக்கு வந்தவர் முன்னறையில் அமர்ந்து அதைக் கேட்கவேண்டும் என்றார். வால்வை ஏற்றி அணைத்தேன். மதிய உணவு ஆயத்தமாயிருந்தது. என் மனைவி இருமுறை அழைத்தாள்.

“அவுகளோடது இதைவிடச் சத்தமா இருக்கும்” என்றார் அம்மையார். ப்ளோயர் நிற்கும் வரை எழுந்திருக்கவில்லை.