ஆளும் தீவும் நாற்பது நாளும்

கோவையில் சிங்காநல்லூரைத் தாண்டித் திருச்சி சாலையில் கிழக்கே போனால் ஒண்டிப்புதூர். பெயர்க்காரணம் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள்; அந்த வம்பு இங்கே வேண்டாம். ஆனால் ‘ஒண்டி’ இந்தப் பக்கத்துப் பேச்சில் நன்றாகவே புழங்குகிறது. குடும்பத்தை விட்டுவிட்டுக் கல்யாண வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். “ஏனுங், ஒண்டியாவா வந்தீங்க?” என்று பந்தல் வாசலிலேயே கேட்டுவிடுவார்கள். பெண்டாட்டி பிள்ளை இல்லாதவர் ஒண்டிக்கட்டை. மில் தொழிலாளர்கள் லைன் வீடுகளில் சுவரோடு சுவராகக் கழித்ததோ ஒண்டுக்குடித்தனம். ஒண்டியில் பக்கத்தில் ஆளே இல்லை. ஒண்டுவதில் மூச்சுவிட இடமில்லை.

இந்த வகைச் சொற்களின் பின்னால் என்னைப் போகவைத்தது 2020. சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையை அப்போது கொரோனா சிகிச்சைக்கென்றே ஒதுக்கியிருந்தார்கள். தொற்று உறுதியாகி உள்ளே படுத்திருந்தவர் ‘ஐசொலேஷன்’. வெளியூரிலிருந்து வந்து, இருமல்கூட இல்லாமல் வீட்டில் அடைந்துகிடந்தவர் ‘குவாரண்டைன்’. தமிழ் அறிவிப்புகளிலோ இருவருமே ‘தனிமைப்படுத்தப்பட்டவர்’. ஆங்கிலத்துக்கு மட்டும் எதற்கு இத்தனை சொல் என்று அகராதிகளைப் புரட்டத் தொடங்கினேன்.

முதலில் எடுத்தது எல்லோரும் அறிந்த ‘அலோன்’. பார்த்தால் அது இரண்டு சொல்: ‘ஆல்’, ‘வன்’. முழுக்க ஒரே ஆள், வேறு யாருமில்லை. எழுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் இதைப் பிரித்தே எழுதினார்கள். ஜெர்மன்காரர்களின் ‘அல்லைன்’ இதே கட்டுமானம்தான். அப்படியானால் ‘ஆல்வன்’ என்றல்லவா ஒலிக்க வேண்டும்? அந்தக் காலத்தில் ஒன்றை ‘ஓன்’ என்றுதான் சொன்னார்கள். முன்னால் வகரம் ஒட்டியது பிற்பாடு. ஏதோ ஒரு வட்டாரத்துப் பேச்சு நாடு முழுக்கப் பரவிவிட்டது. ‘அலோன்’, ‘ஓன்லி’ போன்ற சொற்களுக்குள் முன்பே போய் உட்கார்ந்துவிட்ட பழைய ‘ஓன்’ மட்டும் அதில் தப்பித்தது.

‘ஓன்’ நம் ‘ஒன்று’ போல ஒலிக்கிறதே என்று உடனே உறவு கொண்டாட வேண்டாம். இன்னும் பின்னால் போனால் பழைய ஆங்கிலத்தில் அது ‘ஆன்’, ஜெர்மனில் ‘ஐன்’, லத்தீனில் ‘ஊனுஸ்’. அந்தக் குடும்பம் வேறு, நம்முடையது வேறு. மேடையில் கைதட்டல் கிடைக்கும், ஆதாரம் கிடைக்காது.

பிறகு ‘அலோன்’ தலையெழுத்தை உதிர்த்து ‘லோன்’ ஆனது. அதன் லகரம் ‘ஆல்’ விட்டுச்சென்ற மிச்சம். (வங்கியில் வாங்கும் லோன் வேறு, தவணை கட்டும்போது இரண்டும் ஒன்றெனத் தோன்றலாம்.) அதிலிருந்து பிறந்த ‘லோன்லி’யை ஷேக்ஸ்பியரின் ‘கோரியோலேனஸ்’ நாடகத்திலேயே பார்க்கலாம். நகரைவிட்டுத் துரத்தப்படும் தளபதி, தன்னை ஒற்றையாய்த் திரியும் டிராகனுக்கு ஒப்பிடுகிறான். அங்கே அந்தச் சொல்லில் அழுகை இல்லை, உறுமல்தான் இருக்கிறது. துணையில்லையே என்ற ஏக்கம் ‘லோன்லி’க்குள் குடியேறியது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்.

‘ஐசொலேஷன்’ வந்த வழி கடல்வழி. லத்தீனில் ‘இன்சுலா’ என்றால் தீவு. இத்தாலியிலும் பிரான்ஸிலும் புழங்கி, தீவாக்கப்பட்டது என்ற பொருளோடு ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. அதே தீவு கோவையில் வேறு வேடங்களிலும் உலவுகிறது. மோட்டார் ரீவைண்டிங் கடையில் ஒயர்மேல் சுற்றும் இன்சுலேஷன் டேப், மின்சாரத்தைத் தீவுக்குள் அடைக்கும் டேப். மருந்துக்கடை பிரிட்ஜில் இருக்கும் இன்சுலின், கணையத்தில் தீவு தீவாகக் கிடக்கும் செல்களில் சுரப்பதால் அந்தப் பெயர் பெற்றது.

‘குவாரண்டைன்’ இவற்றோடு சேராத சொல். 1377இல், இன்றைய குரோஷியாவில் உள்ள ரகூசா நகரம், கொள்ளைநோய் ஊர்களிலிருந்து வருபவர்கள் ஒரு மாதம் வெளியே காத்திருக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. முப்பது நாள் பின்னர் நாற்பதானது. வெனிஸ்காரர்களின் பேச்சில் நாற்பதைக் குறிக்கும் சொல்தான் ‘குவாரண்டைன்’ ஆனது. தனிமைக்கும் அதற்கும் வேரில் ஒட்டில்லை. அது வெறும் நாள்கணக்கு.

ஆக, ஒரு சொல் ஆளை எண்ணுகிறது, ஒன்று இடத்தைக் காட்டுகிறது, இன்னொன்று நாளைக் கணக்கிடுகிறது. தமிழின் ‘தனி’ எதையும் எண்ணவில்லை. திராவிட மொழியறிஞர்கள் அதைத் ‘தான்’, ‘தன்’ குடும்பத்தில் வைக்கிறார்கள். சங்கப் பாடல்களில் வரும் ‘தமியள்’, ‘தமியர்’ என்பவையும் அந்த உறவுக்காரர்களே. தான் மட்டும் இருப்பது தனி. அதனால்தான் தனிச்சிறப்பு, தனித்தமிழ், தனிக்காட்டு ராஜா என்று அது நெஞ்சை நிமிர்த்தவும் செய்கிறது. ‘மை’ சேர்த்துத் தனிமை என்றால் மட்டும் குரல் தாழ்ந்துவிடுகிறது.

அந்தத் தாழ்ந்த சொல்லைத்தான் 2020இல் காய்ச்சல் இல்லாத வீட்டுக் கதவிலும் ஒட்டினோம். ‘தனிமைப்படுத்தப்பட்ட வீடு’ என்ற ஸ்டிக்கரைப் பார்த்த தெரு, நோய் வந்த வீட்டையும் நாள் எண்ணிக்கொண்டிருந்த வீட்டையும் எப்படிப் பிரித்தறியும்? இனியொரு தொற்று வந்தால், நோயாளிக்கு அந்தச் சொல்லே இருந்துவிட்டுப் போகட்டும். காத்திருப்பவர் கதவில் ‘கண்காணிப்பு நாட்கள்’ என்று போட்டு, முடியும் தேதியைப் பெரிய எழுத்தில் அச்சடியுங்கள்.