செம்பாறை நாட்டில் ஒரு சிறு விளக்கு

அமெரிக்க நாட்டில், யூட்டா மாநிலத்தின் தென்கிழக்குப் பகுதியில் மோவாப் என்றொரு சிற்றூர் உண்டு. கொலராடோ நதியை அடுத்து, கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 4,000 அடி உயரத்தில், செம்பாறைச் சுவர்கள் சூழ அது அமைந்திருக்கிறது. வடக்கேயிருந்து வரும் பிரயாணியின் கண்ணுக்கு முதலில் பசுமையென்பதே தென்படாது. சுட்ட செங்கல்லை அடுக்கி வைத்தாற் போன்ற மலைகள். அவற்றுக்கு அப்பால், சித்திரை மாதத்திலும் பனி கரையாத லா சால் மலைத்தொடர். சென்ற ஆண்டு சித்திரை விடுமுறையில் இவ்வூரைக் காணும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது.

சோல்ற் லேக் நகரில் வசிக்கும் எமது தமையனார் தம்மிடமிருந்த மலைவண்டியை விற்றுவிடத் தீர்மானித்திருந்தார். மகள் பல்கலைக்கழகம் புகும் ஆண்டு, பணம் தேவை. "விக்கிறதுக்கு முதல் ஒருக்கா மோவாப் பாத்திட்டு வருவம், தம்பி" என்று அவர் அழைத்தபோது அக்குரலில் இருந்த ஏக்கத்தை நாம் கவனியாமலில்லை. நம் ஊரில் நாலு சில்லும் இழுக்கும் வண்டி எதுவாயினும் அதனை ஜீப் என்றே சொல்லிவிடுவோம். அவருடைய வண்டியைச் செய்த கொம்பனி எது என்பது இக்கட்டுரைக்கு வேண்டியதில்லை.

மோவாபைச் சுற்றியுள்ள காட்டுப் பாதைகளுள் பல, உல்லாசத்துக்காக வெட்டப்பட்டவையல்ல. 1952ஆம் ஆண்டில் சார்ள்ஸ் ஸ்டீன் என்னும் புவியியலாளர், வறுமையோடு போராடியபடியே, இவ்வூருக்குத் தென்கிழக்கில் நிலத்தைத் துளைத்து யுரேனியம் கண்டார். அணுகுண்டுக்காக அரசாங்கம் யுரேனியத்தைத் தேடிய காலம் அது. தம் சுரங்கத்துக்கு 'என் வாழ்வு' என்னும் பொருள்பட ஸ்பானிய மொழியில் 'மி விடா' என்று பெயரிட்டார். செய்தி பரவவே ஏராளமானோர் வந்து குவிந்தனர். பாறைகளுக்கிடையே பாதைகள் வெட்டப்பட்டன. பின்னர் யுரேனிய மோகம் அடங்கிற்று; பாதைகள் எஞ்சின. 1967இல் ஊர் வர்த்தகச் சங்கத்தார் ஈஸ்டர் காலத்தில் ஒரு ஜீப் சவாரியைத் தொடக்கினர். அன்று தொட்டு மோவாப் மலைவண்டிக்காரரின் தலமாயிற்று. அருகிலுள்ள ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவின் கல் வளைவுகளை வாசகர்கள் படங்களிற் பார்த்திருப்பார்கள். அவற்றை இங்கு வருணிக்கப் புகவில்லை.

முதல் நாள் கேன் கிறீக் பள்ளத்தாக்கில் ஓடையை மீண்டும் மீண்டும் கடந்து சென்றோம். இரண்டாம் நாள் மணற்பாறை மேட்டுக்கு ஏறினோம். மீன் துடுப்புகளைப் போல் ஒடுங்கி நீண்டு நிற்கும் பாறை முதுகுகள் அங்கே உள்ளன. 'வழுக்குப் பாறை' என்பது அவற்றுக்கு வழங்கும் பெயர். இரும்பு லாடமடித்த குதிரைகளுக்கு அது வழுக்கிற்றாம். ரப்பர் ரயருக்கோ உப்புத்தாளைப் போலப் பிடிப்புக் கொடுக்கிறது. சுவரில் பல்லி ஏறுவது போல வண்டி ஏறியது. எம் மனைவி கண்களை மூடிக்கொண்டார். நாமும் ஒரு முறை மூடினோம் என்பதை மறைப்பானேன்?

இவ்விடத்தில் ஒரு கருவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மோட்டார் வண்டியின் முன்புறத்தில் ஓர் உருக்குத் தண்டு குறுக்கே கிடந்து, இடது சில்லையும் வலது சில்லையும் பிணைக்கிறது. ஆங்கிலத்தில் இதனை ஸ்வே பார் என்பர். சாய்வு தடுக்கும் தண்டு என நாம் சொல்லலாம். வளைவில் வண்டி ஒரு பக்கம் சாய முற்படும்போது இத்தண்டு முறுகி அச்சாய்வை எதிர்க்கும். தார் வீதியில் இது பெரும் பாதுகாப்பு. ஆனால் பாறையில் ஒரு சில்லு மேலேற, மறு சில்லு பள்ளத்துக்கு இறங்க வேண்டியிருக்கிறது. தண்டு விடாது, சில்லு அந்தரத்திலே தொங்கும். ஆகவே சில வண்டிகளில் தண்டை நடுவே இரண்டாக்கி, பற்கள் கொண்ட ஓர் உறையாற் பிணைத்து வைத்திருக்கிறார்கள். ஓட்டுநர் ஒரு பொத்தானை அழுத்தினால் சிறு மின்மோட்டார் அவ்வுறையை நகர்த்தும். தண்டு இரண்டாகப் பிரியும். தார் வீதிக்கு வருமுன் மீண்டும் பொத்தானை அழுத்திப் பூட்ட வேண்டும்.

அன்று மாலை அது பூட்டவில்லை. தமையனார் சமதரையில் வண்டியை நிறுத்தினார், முன்னும் பின்னும் நகர்த்தினார், பொத்தானை அழுத்திக்கொண்டேயிருந்தார். மீற்றர்ப் பலகையில் ஒரு மஞ்சள் விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது. மேட்டிலிருந்து ஊருக்கு இறங்கும் வளைவுகளில், பாய்க்கப்பலைப் போல வண்டி இப்பக்கமும் அப்பக்கமும் சாய்ந்தது. மெல்ல ஊர்ந்து வந்தபடியால் தப்பினோம். ஆனால் வீட்டுக்கு ஏறக்குறைய 230 மைல் பெருஞ்சாலை இருந்தது.

மறுநாட் காலை ஊரிலுள்ள ஒரு கராஜில் அக்கருவியைத் திறந்தார்கள். உள்ளே கலங்கல் நீர். செம்பு பச்சை பூத்திருந்தது. மின்பலகை அரித்துப் போயிருந்தது. முதல் நாள் ஓடையைக் குற்றஞ் சொல்ல முடியாது. நீர் நெடுநாளாகக் கசிந்திருக்கிறது. தாழ்ந்த இடத்திலே, சேறும் நீரும் படும்படி தொங்கும் பெட்டிக்குள் இத்தனை நுட்பமான பொருளை வைத்தவர்கள் ஒரு மாரிகாலம் வன்னியில் வாழ்ந்திருக்க வேண்டும் என்று எமக்குத் தோன்றியது.

மெக்கானிக் இரு வழி சொன்னார். கருவி முழுவதையும் புதிதாக மாற்றலாம்; விலை மிக அதிகம். அல்லது மோட்டாரை அகற்றிவிட்டு, கம்பியால் இழுக்கும் ஒரு கைப்பிடியைப் பூட்டலாம். தண்டு பழையதே போதும். தமையனார் தாமதியாமல் கைப்பிடியைத் தெரிந்தெடுத்தார். அது எமக்கு வியப்பாக இருக்கவில்லை. 1990இன் பின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத காலத்தில், தந்தையாரின் மொறிஸ் மைனர் காரை நாலு துளி பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டியவர் அவர். அப்பொழுது நாம் சிறு பையன். பெற்றோற் போத்தலைப் பிடித்துக்கொண்டு நிற்பது எமது உத்தியோகம்.

சங்கடம் பின்னரே வந்தது. மோட்டாரை எடுத்துவிட்டாலும் வண்டியின் கணினி அதைத் தேடிக்கொண்டேயிருக்கும். காணாதபோது மஞ்சள் விளக்குச் சிமிட்டும். ஒரு சிறு செருகியைப் பொருத்தினால் மோட்டார் இருப்பதாகவே கணினி நம்பிவிடும்; விளக்கு அணைந்துவிடும். பலர் அவ்வாறு செய்கிறார்கள் என்று மெக்கானிக் இயல்பாகவே சொன்னார்.

"போடுங்கோ அப்பா. விளக்கைக் கண்டால் ஆர் வாங்குவினம்?" என்றாள் பெறாமகள். பின்னர் எம் பக்கம் திரும்பி, "நீங்கள் சொல்லுங்கோ சித்தப்பா" என்றாள். இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் நாம் சொன்னது இதுதான்: "போடுங்கோ அண்ணை. வாறவரிட்டை வாயாலை சொன்னால் போதுந்தானே."

தமையனார் சற்று நேரம் பேசவில்லை. "சொல்லுவன் எண்டுதான் இப்ப நினைக்கிறன்" என்றார். "ஆள் காசோடை முன்னாலை நிக்கேக்கை சொல்லுவனோ தெரியாது. லைற் எரியட்டும். அவையே கேப்பினம்."

மகள் அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை. திரும்பும் வழியில் வண்டி நேராக, உறுதியாக ஓடியது. விளக்கு மட்டும் சோல்ற் லேக் வரையும் சிமிட்டிக்கொண்டே வந்தது. எரிச்சலூட்டும் விளக்கு! இரவில் அதன்மேல் ஒரு கைக்குட்டையைப் போட்டு மறைத்தோம்.

நாம் அங்கு நின்ற நாட்களில் ஒருவர் பார்க்க வந்தார். விளக்கைக் கண்டார், விளக்கத்தை முழுவதுங் கேளாமலே போய்விட்டார். பெறாமகள் எம்மைப் பார்த்த பார்வை இன்னும் எம் கண்முன் நிற்கிறது. ஊர் திரும்பி மூன்று வாரத்தின் பின் தமையனார் தொலைபேசியில் அழைத்தார். இரண்டாவதாக வந்தவர் விளக்கைக் கண்டு சிரித்தாராம். தாமே வண்டியின் கீழே படுத்துப் பார்த்தாராம். கைப்பிடியை நாலு தரம் இழுத்துத் தள்ளிப் பார்த்துவிட்டு, இதுவே தமக்குப் பிடிக்கும் என்றாராம். ஆனாலும் விளக்கைக் காட்டி 600 டொலர் குறைத்துத்தான் வாங்கினாராம்.

"பிள்ளை இப்ப கதைக்கிறாளோ?" என்று கேட்டோம்.

"கதைக்கிறாள், கதைக்கிறாள். அந்த அறுநூறுக்குத்தான் சனிக்கிழமையிலையும் வேலைக்குப் போறன். காலமை பஸ்ஸுக்கு என்னோடை அவளும் நடந்து வாறவள்."