பிரேக் இல்லாத வண்டியும், பிரேக் இருந்த நானும்

சென்ற ஆண்டு நம் பள்ளி விளையாட்டு விழாவில், மெதுவாகச் சைக்கிள் ஓட்டும் போட்டியில் எனக்கு முதற்பரிசு கிடைத்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். அந்தப் பரிசைப் பற்றி இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை இங்கே எழுதப் போகிறேன். எழுதத் தூண்டியவர் நம் ஊர்க்காரர் அல்லர். நம் காலத்தவரும் அல்லர். இங்கிலாந்து நாட்டு மோட்டார் சைக்கிள் பந்தய வீரர். பெயர் பீட்டர் கிரேவன்.

என் சித்தப்பா மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். பழைய ஆங்கில மோட்டார் இதழ்களைச் சேர்த்து வைப்பது அவருக்கு ஒரு பித்து. கோடை விடுமுறையில் ஒருநாள் பட்டறையில் உட்கார்ந்திருந்தபோது அவர் திடீரென்று, "ஏம்மா, பிரேக்கே இல்லாத மோட்டார் சைக்கிள் ஒன்று உண்டு, தெரியுமா?" என்று கேட்டார்.

"பிரேக் அறுந்து போன வண்டியா, சித்தப்பா?" என்றேன்.

"அறுந்து போகவில்லை. வைப்பதே இல்லை. அதுதான் ஸ்பீட்வே" என்று சிரித்தார்.

அன்று மாலை வரை அந்த இதழ்களைப் புரட்டிக்கொண்டே இருந்தேன். அவற்றில் படித்ததையும், சித்தப்பா விளக்கியதையும், பின்னர் நானாகத் தேடித் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஸ்பீட்வே பந்தயம் முட்டை வடிவமான மண் பாதையில் நடக்கும். ஒரு பந்தயத்தில் நான்கு பேர், நான்கு சுற்று, எப்போதும் இடப்பக்கமாகவே திரும்ப வேண்டும். தொடக்கக் கோட்டில் நாடா மேலே எழுந்ததும் நால்வரும் பாய்வார்கள். ஒரு நிமிடத்திற்குச் சற்று அதிகமான நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். முதலில் வருபவருக்கு 3 புள்ளி, அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 1, கடைசியாக வருபவருக்கு ஒன்றுமில்லை. வண்டியில் 500 சி.சி. எஞ்சின், ஒரே சிலிண்டர். எரிபொருள் பெட்ரோல் அன்று, மெத்தனால். எஞ்சினுக்கு ஊற்றுவது ஆமணக்கு எண்ணெயிலிருந்து செய்த எண்ணெய். அந்தக் கால இரசிகர்கள் அந்த எண்ணெய்ப் புகையின் வாசனையை வாழ்நாள் முழுவதும் மறப்பதில்லையாம்.

பிரேக் இல்லாமல் வளைவில் எப்படித் திரும்புவது? அங்கேதான் வித்தை இருக்கிறது. வளைவு வந்ததும் பின்சக்கரத்தை வெளிப்பக்கமாக வழுக்கவிடுவார்கள். வண்டி இடப்பக்கம் திரும்பும். முன்சக்கரமோ வலப்பக்கம் பார்க்கும். இடது காலை நீட்டி மண்ணில் தேய்த்துக்கொண்டே போவார்கள். அந்தக் காலணியின் அடியில் இரும்புத் தகடு பொருத்தியிருக்கும். பிரேக் ஏன் வைப்பதில்லை என்றால், முன்னால் போகிறவர் சட்டென்று நிறுத்தினால் பின்னால் வருகிறவர் அவர்மேல் மோதிவிடுவார் என்பதால்தான். "ஆக, பிரேக் இல்லாததுதான் அங்கே பாதுகாப்பு" என்றார் சித்தப்பா. எனக்கு வியப்பாக இருந்தது.

இந்த விளையாட்டு 1928-இல் இங்கிலாந்தில் வேரூன்றியது. 1936 முதல் இலண்டனின் வெம்ப்ளி அரங்கில் உலகச் சாம்பியன் போட்டி நடந்தது. இறுதிப் போட்டியில் 16 பேர், 20 பந்தயங்கள். ஒவ்வொருவரும் ஐந்து முறை ஓட வேண்டியிருந்தது. அந்த ஐந்தில் மற்றப் பதினைந்து பேரையும் ஒருமுறையாவது எதிர்த்து ஓடிவிடுவார்கள். யாரையும் தவிர்த்துவிட்டுச் சாம்பியனாக முடியாதிருந்தது.

பீட்டர் கிரேவன் 1934-ஆம் ஆண்டு ஜூன் 21-ஆம் நாள் லிவர்பூல் நகரில் பிறந்தார். சிறிய உருவம். பலசாலிகள் ஓட்டும் வண்டியில் இந்தச் சிறுவன் என்ன செய்வான் என்று பார்த்தவர்கள் நினைத்திருக்கக்கூடும். சொந்த ஊரில் ஓட்டத் தொடங்கிய அவர் 1952-இல் மான்செஸ்டரின் பெல் வியூ அணிக்கு வந்தார். அந்த அணியின் ஹைட் ரோடு அரங்கம் ஒரு பெரிய மிருகக்காட்சிச் சாலைப் பூங்காவுக்குள் இருந்தது. தம் வாழ்நாளின் இறுதிவரை அந்த அணியின் வீரராகவே இருந்தார்.

வலிமை குறைந்த இடத்தில் அவர் வைத்தது சமநிலையை. வண்டியை அடக்கி ஆளப் பார்க்காமல், அது போகும் போக்கிலேயே தம் உடலைச் சாய்த்தும் தொங்கவிட்டும் ஓட்டினார். 'சமநிலையின் மந்திரவாதி' என்று இரசிகர்கள் அவரை அழைத்தார்கள். 1955-இல், இருபத்தொரு வயதில், வெம்ப்ளியில் உலகச் சாம்பியனானார்.

அதற்குப் பிறகு ஏழு ஆண்டுகள் அந்தப் பட்டம் அவரிடம் திரும்பவில்லை. சுவீடனின் ஓவே ஃபுண்டின், நியூசிலாந்தின் பேரி பிரிக்ஸ், ரோனி மூர் ஆகிய மூவருமே மாறி மாறி அதை வென்றுகொண்டிருந்தார்கள். இளம் வயதில் பெற்ற வெற்றி ஒருமுறை வந்து போன அதிர்ஷ்டம்தானோ என்று அவரே ஐயுறக்கூடிய காலம் அது. ஆனால் அவர் விட்டுவிடவில்லை. 1962-இல் அதே வெம்ப்ளியில், அதே எதிரிகளுக்கு நடுவே, மீண்டும் சாம்பியனானார். உலகப் பட்டத்தை இரண்டு முறை வென்ற முதல் இங்கிலாந்துக்காரர் அவரே. மறுபடி ஓர் இங்கிலாந்துக்காரர் பட்டம் வெல்ல 1976 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவரும் பெல் வியூ அணியைச் சேர்ந்த பீட்டர் காலின்ஸ்தான்! இரண்டு முறை வெல்லும் பெருமையோ 2015-இல் டாய் வோஃபிண்டன் வரும்வரை வேறெந்த இங்கிலாந்துக்காரருக்கும் கிட்டவில்லை.

இனிச் சொல்லப் போவதுதான் என் மனத்தைத் தைத்தது.

1963-ஆம் ஆண்டு செப்டம்பர் 20-ஆம் நாள். ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில், ஓல்டு மெடோபேங்க் அரங்கில், பெல் வியூ அணிக்கும் எடின்பரோ அணிக்கும் போட்டி. உலகப் பட்டம் எதுவும் அதில் இல்லை. ஒரு பந்தயத்தில் எடின்பரோ வீரர் ஜார்ஜ் ஹண்டர் பாதையில் விழுந்துவிட்டார். பின்னால் வந்துகொண்டிருந்தவர் கிரேவன். நிறுத்தப் பிரேக் இல்லை, யோசிக்க நேரமில்லை. விழுந்து கிடந்தவர்மேல் ஏறாமல் வண்டியைத் திருப்பினார். வேலியில் மோதினார். நான்கு நாட்களுக்குப் பின், செப்டம்பர் 24-ஆம் நாள், மருத்துவமனையில் உயிர் துறந்தார். வயது 29.

விழுந்து கிடந்தவர் எதிரணிக்காரர்! அதைப் படித்ததும் இதழை மூடி வைத்துவிட்டேன். "என்னம்மா, முகம் ஒரு மாதிரி இருக்கிறது?" என்று கேட்டார் சித்தப்பா. நான் பதில் சொல்லவில்லை.

ஏனென்றால் எனக்கு நம் பள்ளி மைதானம் நினைவுக்கு வந்தது. மெதுவாகச் சைக்கிள் ஓட்டும் போட்டியின் விதி உங்களுக்குத் தெரியும். கால் தரையில் பட்டால் வெளியே. சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டினாலும் வெளியே. கடைசியாக எல்லையைத் தொடுபவரே வெற்றி பெற்றவர். எட்டுப் பேர் தொடங்கிய போட்டியில் கடைசியில் நானும், பக்கத்துக் கோட்டில் ஒன்பதாம் வகுப்புத் தங்கை ஒருத்தியும்தான் மிஞ்சியிருந்தோம். அவளுடைய முன்சக்கரம் ஆடத் தொடங்கியது. என் பக்கமாகச் சாய்ந்தாள். கையெட்டும் தூரம்தான். ஒரு காலை ஊன்றி அவள் தோளைப் பிடித்திருந்தால் அவள் விழுந்திருக்கமாட்டாள். ஆனால் நான் ஊன்றினால் நானும் வெளியே.

நான் என் முன்சக்கரத்தைப் பார்த்தேன். அவளைப் பார்க்காமலிருக்கவே அதைப் பார்த்தேன். அவள் விழுந்தாள். பெடல் முழங்காலில் குத்தி இரத்தம் வந்தது. இரண்டு தையல் போட்டார்கள். எல்லாரும் அவளைத் தூக்க ஓடினார்கள். நான் மெல்ல மெல்ல ஓட்டிப் போய் எல்லையைத் தொட்டேன். எவர்சில்வர் தம்ளர் பரிசு. யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. விதிப்படி நான் செய்தது தவறில்லை.

ஸ்பீட்வேயில் ஒரு நல்ல விதி உண்டு. பந்தயம் தடைப்பட்டால், தடைக்குக் காரணமானவர் விலக்கப்படுவார். ஆனால் அவர்மேல் மோதக் கூடாதென்று வேண்டுமென்றே வண்டியைச் சாய்த்து விழுந்தவர், மறுபடி நடக்கும் பந்தயத்தில் கலந்துகொள்ளலாம். பிறருக்காக விழுந்தவன் தோற்றவன் அல்லன் என்று அந்த விளையாட்டே ஒப்புக்கொள்கிறது. நம் போட்டியில் அப்படி ஒரு விதி இல்லையே என்று முதலில் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சமாதானம் நிலைக்கவில்லை. கிரேவன் வேலியை நோக்கித் திரும்பிய நொடியில் விதிப் புத்தகத்தையா நினைத்திருப்பார்?

அவருக்கு யோசிக்க நேரமிருந்திருக்காது. அது பழக்கமாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று சித்தப்பா சொன்னார். பல ஆண்டுகளாக, பக்கத்தில் ஓட்டுபவனும் உயிருள்ளவன் என்பதை உடலே கற்றுக்கொண்டிருக்க வேண்டும். எனக்கோ நேரம் இருந்தது. வண்டியில் இரண்டு பிரேக் இருந்தன. உலகத்திலேயே மிக மெதுவான பந்தயத்தில் இருந்தேன். அப்படியிருந்தும் நான் நிற்கவில்லை. பிரேக் இல்லாதவர் ஒருவருக்காகத் திரும்பினார். பிரேக் இருந்த நான் ஒரு தம்ளருக்காகத் திரும்பாமல் போனேன்.

பள்ளி திறந்ததும் அந்தத் தங்கையைத் தேடிப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே, "நீங்க என்னக்கா பண்ணியிருக்க முடியும்?" என்றாள். என்ன பண்ணியிருக்க முடியும் என்பது எனக்குத்தானே தெரியும்! தம்ளரை அவளிடம் நீட்டினேன். "ஐயோ, வேண்டாங்கா" என்று ஓடிவிட்டாள். அது இன்னும் எங்கள் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. அதில் நான் தண்ணீர் குடிப்பதில்லை.

மான்செஸ்டர் மக்கள் 1964 முதல் பீட்டர் கிரேவன் பெயரில் ஆண்டுதோறும் நினைவுக் கோப்பைப் போட்டி நடத்தினார்கள். ஹைட் ரோடு அரங்கம் 1987-இல் மூடப்பட்டது. அதன் பிறகும் அந்தப் பெயரை அவர்கள் விட்டுவிடவில்லை. வெற்றிகளை மட்டுமே எண்ணினால் ஃபுண்டின் ஐந்து முறை, பிரிக்ஸ் நான்கு முறை. கிரேவன் இரண்டே முறை. ஆனாலும் எனக்கு மறக்காத பெயர் அவருடையதுதான்.

இந்த ஆண்டும் அதே போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். வெல்ல வேண்டும் என்ற ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் இம்முறை முன்சக்கரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்டப் போவதில்லை. பக்கத்துக் கோட்டில் வரும் தோழியே, நீ யாராயிருந்தாலும் சரி, சாய்ந்தால் என் பக்கம் சாய். கால் ஊன்ற நான் இருக்கிறேன்.

– மாணவி, பதினொன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவு