புயல் விழுங்கிய கப்பற்படை

வானூரிலிருந்து தென்கிழக்கே கோட்டக்குப்பம் சென்று கரையில் நின்றால், வங்கக் கடல் சாந்தமாய்க் காட்சியளிக்கும். தெற்கே புதுவை, அதற்கப்பால் கடலூர்த் தேவனாம்பட்டினம். இக்கடலின் சீற்றத்தை 2011 டிசம்பரில் தானே புயலன்று இப்பகுதி மக்கள் கண்டார்கள்.

1748-இல் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் பாஸ்கவன், துய்ப்ளேக்ஸ் காத்து நின்ற புதுவையை முற்றுகையிட்டார். நோயும் மழையும் வாட்டவே, அக்டோபரில் முற்றுகையைக் கைவிட்டார். அதே மாதம் ஐரோப்பாவில் சமாதான உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. பீரங்கிகள் ஓய்ந்தன, கப்பல்களோ இக்கடலிலேயே தங்கியிருந்தன.

1749 ஏப்ரலில் கடும்புயல் எழுந்தது. 74 பீரங்கிகள் தாங்கிய தலைமைக் கப்பல் ‘நமூர்’ தேவனாம்பட்டினத்தருகே மூழ்கிற்று. 500-க்கு மேற்பட்டோர் மாண்டனர். ‘பெம்புரோக்’ கப்பலும் அழிந்தது. அதில் தப்பியவர் வெகு சிலரே. பாஸ்கவன் கரையில் இருந்தமையால் உயிர் பிழைத்தார்.

அன்பர்களே, போரில் தப்பியவர்களைச் சமாதான காலத்துக் கடல் கொண்டுபோயிற்று. மனிதர் எழுதும் உடன்படிக்கை மனிதரை மட்டுமே கட்டும். காற்றும் கடலும் கீழ்ப்படிவது ஆண்டவர் ஒருவருக்கே. அம்மாலுமிகள் நம் மண்ணின்மேல் படையெடுத்து வந்தவர்கள்தாம். ஆயினும் அவர்களுக்காகவும் ஊரில் ஒரு தாய் காத்திருந்தாள். நவம்பரில் கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது, கல்லறையே இல்லாத இந்த ஆன்மாக்களுக்காகவும், இன்று கடலுக்குச் செல்லும் நம் மீனவச் சகோதரருக்காகவும் ஒரு செபம் சொல்வோமாக.