சுவரில் ஒட்டியிருந்த கடவுச்சொல்

நான் சமூகவியல் படித்தவள். கணினியில் கடிதம் அடிக்கவும் மின்னஞ்சல் பார்க்கவும் தெரியும், அவ்வளவுதான். இப்படிப்பட்டவள் கணினி வலையமைப்பைப் பற்றி எழுதலாமா என்று நீங்கள் கேட்கலாம். எழுதாமல் இருக்க முடியாதபடி ஒரு சம்பவம் நடந்துவிட்டது.

நான் வேலை செய்யும் பெண்கள் நலன்புரி அமைப்பின் அலுவலகம் கண்டி நகரில் இருக்கிறது. கட்டுகஸ்தோட்டை, கம்பளை, கலஹா, தெல்தெனிய ஆகிய இடங்களில் சிறு நிலையங்கள் உண்டு. தையல் வகுப்பும் பிள்ளைகளுக்குக் கணினி வகுப்பும் நடத்துகிறோம். வீட்டில் அடிபட்டு வரும் பெண்களுக்கு, 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்பதற்கும் உதவுகிறோம்.

ஒவ்வோர் இடத்திலும் இணையத்துக்காக ஒரு ரவுட்டரும் ஒரு சுவிட்சும் இருக்கின்றன. ஆக மொத்தம் பத்துப் பெட்டிகள். இவற்றைக் கவனித்துவந்த தம்பி வேலை கிடைத்து கட்டார் போய்விட்டார். எங்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று எல்லாவற்றுக்கும் ஒரே கடவுச்சொல்லை வைத்துவிட்டுப் போனார். நாங்களும் வசதிக்காக அதைத் தாளில் எழுதி, ஒவ்வொரு நிலையத்திலும் சுவரில் ஒட்டினோம். வைஃபைக்கும் அதே சொல்தான்.

ஒரு மழைநாள் மாலை. எந்த நிலையம் என்று சொல்லப்போவதில்லை. உள்ளறையில் ஒரு தாய் இரண்டு பிள்ளைகளுடன் இருந்தாள். கணவன் வாசலுக்கு வந்து அவளைக் கேட்டான். "இங்கே வரவில்லை" என்றேன். அவன் தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். "பொய் சொல்லாதீங்க மிஸ். அவளுடைய போன் உங்க வைஃபையில இருக்கு."

ரவுட்டருக்குள் நுழைந்தால், அதனோடு இணைந்துள்ள போன்களின் பெயர்ப்பட்டியலைப் பார்க்கலாம் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். பிள்ளையைக் கணினி வகுப்பிலிருந்து கூட்டிப்போக வந்தபோது சுவரில் இருந்த தாளை அவன் படம் பிடித்திருக்கிறான். பொலிசார் வந்து அவனை அனுப்பினார்கள். அன்றிரவே அந்தத் தாயை வேறிடத்துக்குக் கொண்டுபோனோம். அவள் இன்று நலமாக இருக்கிறாள். ஆனால், "உங்களை நம்பித்தானே வந்தேன்" என்று அவள் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை.

அப்போது எங்களிடம் பயிற்சிக்கு வந்திருந்தவள் புசல்லாவைத் தோட்டத்துப் பிள்ளை, தொழில்நுட்பக் கல்லூரி மாணவி. "பத்துப் பெட்டிக்கும் வேறு வேறு கடவுச்சொல் வைக்கவேணும் மிஸ்" என்றாள். யார் மனப்பாடம் செய்வது, யார் கட்டளைகளை அடிப்பது என்று கேட்டேன். "அதை ஸ்கிரிப்ட் செய்யும்" என்றாள்.

ஸ்கிரிப்ட் என்பது, கணினி வரிசையாகச் செய்யவேண்டிய கட்டளைகளை எழுதிவைத்த ஒரு கோப்பு. பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டு அவள் எழுதினாள். இயக்கினால் திரையில் ஒரு பட்டியல் வரும். 1 கட்டுகஸ்தோட்டை, 2 கம்பளை என்று போகும். எண்ணை அழுத்தினால் அந்த நிலையத்தின் பெட்டிக்குள் அதுவே நுழையும். அடுத்த பட்டியலில் 1 நிலைமை பார், 2 அமைப்பைப் பிரதி எடு, 3 மறுதொடக்கம், 0 வெளியேறு. இல்லாத எண்ணை அடித்தால் ஒன்றும் நடக்காது. மறுதொடக்கம் செய்வதற்கு முன் நிலையத்தின் பெயரை ஒருமுறை அடிக்கச் சொல்லும். கறுப்புத் திரையில் தமிழ் எழுத்துகள் உடைந்து தெரிந்ததால், தமிழ்ச் சொற்களையே ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தாள்.

எல்லோரும் கைதட்டினோம். நான் மட்டும் ஒரு கேள்வி கேட்டேன். "தங்கச்சி, கடவுச்சொல்லை நாங்கள் அடிக்கவே இல்லையே. அப்படியானால் அது எங்கே இருக்கிறது?"

அவள் கோப்பைத் திறந்து காட்டினாள். பத்துக் கடவுச்சொற்களும் அதற்குள் வரிசையாக இருந்தன. சுவரில் இருந்த தாள் மடிக்கணினிக்குள் இடம் மாறியிருந்தது, அவ்வளவுதான்! அவள் முகம் வாடிவிட்டது. மறுநாள் காலை, "திருப்பி எழுதுறேன் மிஸ்" என்று வந்து நின்றாள்.

படித்தவர்களும் இதில் ஏமாந்திருக்கிறார்கள். பழைய டெல்நெட் முறையில் கடவுச்சொல் மறைக்கப்படாமலே கம்பி வழியே போகும். 1995இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் திருடப்பட்டன. அதன்பிறகே அங்கிருந்த ஆய்வாளர் தாத்து யுலோனன், எல்லாவற்றையும் மறைத்து அனுப்பும் எஸ்.எஸ்.எச். முறையை உருவாக்கினார். 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொற்களையே போட்டுப் பார்த்து, உலகெங்கும் பல இலட்சம் கமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது.

புதிய ஸ்கிரிப்டில் கடவுச்சொல்லே இல்லை. எஸ்.எஸ்.எச். முறையில் சோடிச் சாவி உண்டு. ஒரு பாதி பெட்டிகளில் இருக்கும். மறுபாதி அவரவர் கணினியில், அவரவர் மட்டும் அறிந்த இரகசியத் தொடரால் பூட்டப்பட்டிருக்கும். எங்களில் மூன்று பெண்களுக்கு மூன்று சாவிகள். ஒருவர் விலகினால் அவருடைய சாவியை மட்டும் நீக்கினால் போதும். யார், எப்போது, எந்தப் பெட்டிக்குள் போனார் என்பதும் பதிவாகிறது.

இன்னொன்றையும் செய்தோம். இணைந்துள்ள போன்களைப் பார்க்கும் தெரிவைப் பட்டியலில் சேர்க்கவேண்டாம் என்றேன். அந்தப் பட்டியல் எங்கள் கண்ணுக்கும் தேவையில்லை. பட்டியலில் இல்லாதது மட்டும் போதாது என்று சொல்லி, மூன்று வேலைகளை மட்டுமே செய்யக்கூடிய குறைந்த அதிகாரக் கணக்கை அவள் எங்களுக்கு உண்டாக்கினாள். வருகிற பெண்களின் போன்களுக்குத் தனி வைஃபை வைத்தோம். சுவரில் இருந்த தாள்களை நானே கிழித்தேன்.

போன மாதம் கலஹாவில் இணையம் நின்றது. முன்பென்றால் பேராதனை வழியாக பஸ் ஏறிப் போயிருப்பேன். சுவிட்ச்தான் திணறியிருந்தது. கண்டியில் இருந்தபடியே பத்தாம் வகுப்பு வரை படித்த எங்கள் தையல் ஆசிரியை இரண்டு எண்களை அழுத்தி, கலஹா என்று அடித்துச் சரிசெய்தார்.

சகோதரிகளே, உங்கள் வீட்டு ரவுட்டரின் அடியில் அச்சிட்ட கடவுச்சொல் இன்னமும் அப்படியே இருக்கிறதா? இன்றே மாற்றுங்கள். எங்காவது சுவரில் ஒட்டியிருந்தால் கிழித்துவிடுங்கள். புரியாததைக் கேட்க வெட்கப்படாதீர்கள். எனக்கும் தெரியாமல்தான் கேட்டேன்.