தூக்கம் சொல்லிட்டுத்தான் வரும்



நாமக்கல் பக்கம் லாரி இல்லாத தெருவைப் பார்ப்பது கஷ்டம். என் அப்பாவும் லாரி டிரைவர்தான். "தூக்கம் வர்றது எப்படிப்பா தெரியும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சொல்லிட்டுத்தான் கண்ணு வரும். மொதல்ல கொட்டாவி. அப்புறம் கண்ணு எரியும். தாண்டி வந்த ஊரு ஞாபகம் இருக்காது. அதுக்கு மேல ஓட்டக் கூடாது" என்றார். விடியற்காலை 2 மணியிலிருந்து 5 மணி வரைக்கும்தான் ரொம்ப அழுத்துமாம்.

இப்போது இதைக் கண்டுபிடிக்கக் கருவி வந்திருக்கிறது. டிரைவருக்கு எதிரே சின்னக் கேமரா இருக்கும். அகச்சிவப்புக் கதிர் உதவியால் இருட்டிலும் கண்ணைப் பார்க்கும். தூக்கம் வந்தால் இமை மெதுவாக இறங்கும் அல்லவா? ஒரு நிமிடத்தில் எவ்வளவு நேரம் கண் 80 சதவீதத்துக்கு மேல் மூடியிருந்தது என்று கணக்குப் போடும். இந்தக் கணக்குக்கு 'பெர்க்ளோஸ்' என்று பெயர். அளவு மீறினால் அலாரம் அடிக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல், புதிதாகப் பதிவாகும் கார், பஸ், லாரிகளில் தூக்கக் கலக்கத்தை எச்சரிக்கும் வசதி கட்டாயம்.

இது ஏன் முக்கியம்? கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 கி.மீ. வேகத்தில் போகும் லாரி 1 நொடியில் சுமார் 17 மீட்டர் ஓடும். 3 நொடி கண் அசந்தால், ஓட்ட ஆளே இல்லாமல் லாரி 50 மீட்டர் ஓடிவிடும்!

அப்பாவிடம் இந்தக் கருவியைப் பற்றிச் சொன்னேன். "நல்லதுதான். அலாரம் அடிச்சா முழிச்சுக்கலாம். ஆனா தூங்கறதுக்கு நேரம் யாரு குடுப்பா?" என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். லோடு சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ரோட்டோரம் நிறுத்தித் தூங்கினால் டீசல் திருடு போகுமோ, தார்ப்பாயை அறுப்பார்களோ என்று பயம். முன்பு பேச்சுத்துணைக்குக் கிளீனர் இருப்பார். இப்போது அப்பா தனியாகத்தான் போகிறார். ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை என்று மோட்டார் தொழிலாளர் சட்டம் 1961-லேயே சொன்னது. லோடுக்கு அது தெரியுமா?

கருவி எழுப்பிவிடும், தூக்கத்தைக் கொடுக்காது. ஓய்வை மனிதர்கள்தான் கொடுக்க வேண்டும்.

நண்பர்களே! உங்கள் வீட்டிலும் டிரைவர் இருக்கலாம். போன் பேசும்போது "எப்ப வருவீங்க?" என்று கேட்பதற்கு முன்னால், "தூங்குனீங்களா?" என்று கேளுங்கள். "லேட்டானாலும் பரவாயில்லை, ஓரங்கட்டித் தூங்கிட்டு வாங்க" என்று சொல்லுங்கள்.

– 10-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி